மூடிய சரக்கு டிரெய்லரை ஏடிவி ஏற்றும் கேம்பராக மாற்றுதல்: முழுமையான வழிகாட்டி

மூடிய சரக்கு டிரெய்லரைக் கேம்பராக, அதாவது உள்ளே தங்கிச் சமைத்து உறங்கும் வண்டியாக, மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் படுக்கையையும் அடுப்படியையும் முதலில் வரைந்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் ஏடிவியை, அதாவது கரடுமுரடான பாதைகளுக்கான நான்கு சக்கர வண்டியை, நிறுத்திக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள். நான் இதை நேர்மாறாகச் செய்யச் சொல்வேன். பகலில் வண்டி நிற்கும் இடத்திலேயே இரவில் மனிதர் உறங்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் மொத்தச் சிக்கலும். முந்நூறு, நானூறு கிலோ எடையுள்ள வண்டி எங்கே நிற்கிறது என்பது டிரெய்லர் சாலையில் நேராக ஓடுமா அலைபாயுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அதன் டேங்கிலிருந்து கசியும் பெட்ரோல் ஆவி உள்ளே உறங்குவது பாதுகாப்பா என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த இரண்டுக்கும் விடை கண்ட பிறகே மெத்தையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எந்த அளவு டிரெய்லர்

ஒரே ஏடிவி, ஒருவர் அல்லது இருவர் என்றால் 7 அடி அகலமும் 14 அடி நீளமும் கொண்ட டிரெய்லர் போதும். இரண்டு ஏடிவிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துவதானால் 16 அடிக்குக் குறையக் கூடாது. வேலைக்குப் பயன்படும் வகை ஏடிவி சுமார் 4 அடி அகலமும் 7 அடி நீளமும் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து ஓட்டும் யுடிவி அதைவிட அகலமானது, எடையும் கிட்டத்தட்ட இருமடங்கு. அதற்கு வேறு கணக்கு வேண்டும்.

அகலத்தில் ஒரு நுட்பம் உண்டு. 7 அடி அகல டிரெய்லர்களில் சக்கரங்கள் பெட்டிக்கு வெளியே இருப்பதால் உள்தரை முழுவதும் தட்டையாகக் கிடைக்கும். எட்டரை அடி அகல டிரெய்லர்களில் சக்கரக் கூடுகள் உள்ளே புடைத்து நிற்கும். அகலம் கூடினாலும் அந்த இடத்தில் ஏடிவியைத் திருப்பவோ கட்டிலை இறக்கவோ முடியாமல் போகலாம். உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் ஆறரை அடி உயரம் வேண்டும், ஏனெனில் வெப்பக் காப்பும் கூரைப் பலகையும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு அங்குலத்தை எடுத்துக்கொள்ளும்.

ஒற்றை ஆக்ஸிலா (சக்கர அச்சு), இரட்டை ஆக்ஸிலா என்ற கேள்விக்கு என் விடை இரட்டை ஆக்ஸில்தான். வழக்கமான ஒற்றை ஆக்ஸில் 3,500 பவுண்டு, அதாவது சுமார் 1,590 கிலோ தாங்கக்கூடியது. பல டிரெய்லர்களின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை அதையும்விடக் குறைவாகவே தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். வெற்று டிரெய்லர், ஏடிவி, மரவேலை, தண்ணீர், பேட்டரி, துணிமணி என்று கூட்டிப் பார்த்தால் அந்த வரம்பு வியப்பூட்டும் வேகத்தில் நெருங்கிவிடும். இரட்டை ஆக்ஸிலில் ஒரு டயர் வெடித்தாலும் வண்டியைக் கட்டுப்பாட்டுடன் ஓரங்கட்ட வாய்ப்பு அதிகம். பிரேக் உள்ள டிரெய்லரையே வாங்குங்கள். வண்டியைக் கேம்பராகப் பதிவு மாற்ற வேண்டுமா, காப்பீடு எதைக் கேட்கிறது என்பவற்றை முதல் துளை போடும் முன்பே உரிய அலுவலகத்தில் கேட்டறிந்துவிடுவது நல்லது.

தரையில் டேப் ஒட்டிப் பாருங்கள்

காலி டிரெய்லருக்குள் ஏடிவியை ஏற்றி நிறுத்தி, நான்கு சக்கரங்களையும் சுற்றித் தரையில் டேப் ஒட்டுங்கள். ஹேண்டில்பார் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, மேலே எவ்வளவு உயரம், வண்டியை விட்டு இறங்கி ஓர் ஆள் பக்கவாட்டுக் கதவுக்கு வர முடிகிறதா என்று பாருங்கள். இறங்கிய ஆள் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே சிக்கிக்கொள்கிற அமைப்பைத் தாளில் வரைந்தால் கண்டுபிடிக்க முடியாது; உள்ளே நின்றால் ஒரு நொடியில் தெரியும்.

அடுத்தது எடைக் கணக்கு. டிரெய்லரின் மூக்கு, இழுக்கும் வண்டியின் ஹிட்ச் உருண்டை மேல் எவ்வளவு அழுத்துகிறதோ அதை மூக்குச் சுமை என்போம். அது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். வேகம் கூடக்கூட அந்த ஆட்டம் வளர்ந்து இழுக்கும் வண்டியையே திருப்பிவிடும். மிகுந்தால் இழுக்கும் வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடிப்புக் குறையும்.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். 750 கிலோ எடையுள்ள வெற்று டிரெய்லர். மூக்குச் சுமை 100 கிலோ. ஹிட்ச் உருண்டையிலிருந்து ஆக்ஸில்களின் நடுப்புள்ளி 3.8 மீட்டர் தள்ளி இருக்கிறது. முன்பக்கம் 90 கிலோவில் ஓர் அடுப்படி மேடை கட்டுகிறீர்கள். அதன் நடு ஆக்ஸிலுக்கு 1.9 மீட்டர் முன்னால் இருக்கிறது. 90 பெருக்கல் 1.9 வகுத்தல் 3.8 என்றால் 45. ஆக மூக்குச் சுமை 145 கிலோ. இப்போது 350 கிலோ ஏடிவியை, அதன் நடு ஆக்ஸிலுக்கு அரை மீட்டர் பின்னால் வருமாறு நிறுத்தினால், அது மூக்கை 46 கிலோ தூக்கிவிடும். மிஞ்சுவது 99 கிலோ, மொத்த எடை 1,190 கிலோ, விகிதம் 8.3 சதவீதம். இந்த டிரெய்லர் ஆடும். அதே ஏடிவியை 70 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தி, ஆக்ஸிலுக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் அதன் நடு வருமாறு நிறுத்தினால், மூக்குச் சுமை 163 கிலோவாக உயர்ந்து விகிதம் 13.7 சதவீதமாகிறது. சாலையில் நேராக ஓடும் டிரெய்லருக்கும் ஆபத்தான டிரெய்லருக்கும் இடையே இருந்தது ஒரு முழங்கையும் ஒரு சாணும் சேர்ந்த தூரம்தான்.

கணக்கு இத்துடன் முடியவில்லை. ஏடிவியை இறக்கிவிட்டுக் காலி டிரெய்லரை ஓட்டினால் 840 கிலோவில் 145 கிலோ மூக்கில் இருக்கும். அது 17 சதவீதத்துக்கும் மேல். வண்டி உள்ளே இருக்கும் நிலை, இல்லாத நிலை இரண்டையும் கணக்கிட்டே ஒவ்வொரு பொருளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். கனமானவற்றை, குறிப்பாகத் தண்ணீர்த் தொட்டியையும் பேட்டரியையும், ஆக்ஸிலுக்கு நேர் மேலேயோ சற்று முன்னேயோ வைத்தால் தொட்டி நிறைந்தாலும் காலியானாலும் மூக்குச் சுமை பெரிதாக மாறாது. இதைச் செய்து முடித்த பிறகு ஏடிவி நிற்க வேண்டிய இடத்தில் முன்சக்கரங்களுக்குத் தடுப்புக் கட்டை ஒன்றைத் தரையோடு போல்ட் போட்டு நிறுத்திவிடுங்கள். இருட்டில் ஏற்றினாலும் வண்டி அதே இடத்தில் போய் நிற்கும்.

உட்சுவரைக் கழற்றிய பிறகு

உட்சுவர்ப் பலகைகளைக் கவனமாகக் கழற்றி எண் போட்டு வையுங்கள். பிறகு அவையே அச்சாகப் பயன்படும். சட்டங்கள் வெளியே தெரியும் இந்த நிலையில் ஒருவர் கூரைமேலும் ஓரங்களிலும் குழாயால் தண்ணீர் பீய்ச்ச, மற்றவர் உள்ளே விளக்குடன் நின்று கசிவைத் தேட வேண்டும். புதிய டிரெய்லரிலும் கசிவு இருக்கும். மேல்விளிம்புப் பட்டையும் கூரைத் தகடும் சேரும் இடம், விளக்குகளின் பின்புறம், ஏடிவி ஏறுவதற்காகப் பின்னால் கீழே சாயும் சாய்வுக் கதவின் கீல் ஆகியவையே வழக்கமான இடங்கள். கூரையில் சிலிகான் பூச வேண்டாம். பின்னாளில் அதன்மேல் வேறு எந்தச் சீலன்டும் (கசிவடைக்கும் பசை) ஒட்டாது. கூரைக்கென்றே விற்கப்படும், தானே பரவிச் சமமாகும் சீலன்டைப் பயன்படுத்துங்கள். அடிச்சட்டத்தில் துரு இருந்தால் சுரண்டி, பிரைமர் அடித்து, அடிப்பூச்சு பூசுவதற்கும் இதுவே சரியான நேரம்.

சன்னலும் கூரை விசிறியும்

வெப்பக் காப்பு போடும் முன்பே எல்லாத் துளைகளையும் போட்டு முடிக்க வேண்டும். செங்குத்துச் சட்டங்கள் 16 அல்லது 24 அங்குல இடைவெளியில் நிற்கும். அவற்றை வெட்டாமல் இடையில் பொருந்தும் சன்னலைத் தேடி வாங்குவது, சட்டத்தை வெட்டி மீண்டும் வலுவூட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

சன்னலுக்கான வெட்டை உள்ளிருந்து குறித்துக்கொண்டு, நான்கு மூலைகளிலும் சிறு துளை இட்டு, வெளியே வந்து அந்தத் துளைகளை இணைத்துக் கோடு வரையுங்கள். கோட்டின்மேலும் அதைச் சுற்றியும் அகலமாக டேப் ஒட்டினால் ஜிக்சாவின் அடித்தகடு பெயின்டைக் கீறாது. உலோகத்துக்கான நுண்பல் பிளேடு போட்டு, அவசரமில்லாமல் அறுக்க வேண்டும். கடைசி ஓரத்தை அறுக்கும்போது வெட்டப்படும் தகட்டை ஒருவர் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்காவிட்டால், அது தன் எடையாலேயே மடங்கி மூலையைக் கிழித்துவிடும். அறுத்து முடித்ததும் ஓரத்தில் விரலை ஓட்டாதீர்கள். அரத்தால் பிசிறு நீக்கி, வெட்டுவாயில் பிரைமர் தடவிய பிறகே தொடுங்கள். சன்னல் விளிம்பின் பின்புறம் முழுவதும் பியூட்டைல் டேப் ஒட்டி, தொடர்ச்சி விழும் இடத்தைக் கீழ்ப்பக்கத்தில் வைத்து, ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஓரம் முழுவதும் கறுப்பாகச் சமமாகப் பிதுங்கி வந்தால் நன்றாக அமர்ந்துவிட்டது என்று பொருள். பிதுங்கியதை உடனே அறுக்காமல் ஒருநாள் விட்டு, மறுபடி இறுக்கி, பிறகு பிளாஸ்டிக் துண்டால் வழித்தெடுங்கள்.

கூரை விசிறிக்கு 14 அங்குலச் சதுரத் திறப்பே வழக்கமான அளவு. மெல்லிய கூரைத் தகட்டின்மேல் மட்டும் விசிறியை நிறுத்த முடியாது. திறப்பைச் சுற்றி உள்பக்கம் மரச்சட்டம் அமைத்து, அதைக் கூரைக் குறுக்குச் சட்டங்களோடு பிணைக்க வேண்டும்.

பெட்ரோல் ஆவியும் வெளியேறும் வழியும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்கப் போகிறீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே எழாது. தரையோடு படிந்து, தாழ்ந்த இடங்களில் தேங்கி நிற்கும். உறைபனிக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு அது ஆவியாகும். காற்றில் ஏறத்தாழ 1.4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். எனவே கூரை விசிறி மட்டும் இருந்தால் காற்றோட்டம் ஆகிவிட்டது என்று நம்பக் கூடாது. ஏடிவி நிற்கும் பகுதியில், தரையை ஒட்டி, இருபுறச் சுவர்களிலும் மூட முடியாத காற்றுத் திறப்புகளை அமைக்க வேண்டும். அவற்றின் வெளிமூடி பின்னோக்கித் திறந்திருந்தால் ஓட்டத்தின்போது புழுதி உள்ளே வருவது வெகுவாகக் குறையும்.

அந்தப் பகுதியில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குள் மின்சாக்கெட், ரிலே, இன்வெர்ட்டர், பேட்டரி எதுவும் இருக்கக் கூடாது. முகாமிட்ட இடத்தில் முதலில் சாய்வுக் கதவையும் பக்கவாட்டுக் கதவையும் திறந்து, ஏடிவியை வெளியே எடுத்து, கால் மணி நேரமாவது காற்றாட விட்ட பிறகே அடுப்பையோ ஹீட்டரையோ தொட வேண்டும். கூரை விசிறியின் சுவிட்சுக்கும் இதே விதி பொருந்தும். இரவில் ஏடிவி வெளியேதான் நிற்க வேண்டும். திருட்டுக்கு அஞ்சினால் டிரெய்லரின் அடிச்சட்டத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். நடுவில் திரை தொங்கவிட்டுவிட்டு வண்டியோடு உள்ளே உறங்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவே மாட்டேன். திரை மணத்தையே தடுப்பதில்லை, ஆவியை எப்படித் தடுக்கும்? கூடுதல் பெட்ரோல் கேனும் டிரெய்லருக்கு உள்ளே வரக் கூடாது.

கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. அதற்கான எச்சரிக்கைக் கருவியைப் படுக்கைக்கு அருகில் வையுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானதாகையால் அதன் எச்சரிக்கைக் கருவி தரைக்கு அருகில் வேண்டும். எண்ணெய்த் தீக்கும் ஏற்ற தீயணைப்பானைக் கதவருகே, வெளியிலிருந்தும் கை எட்டும்படி மாட்டுங்கள். ஹீட்டர் வேண்டுமானால், எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே இழுத்துப் புகையையும் வெளியே தள்ளும் வகை மட்டுமே ஏற்றது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. சரக்கு டிரெய்லர் மனிதர் உள்ளே இருப்பதை எண்ணிச் செய்யப்பட்டதன்று. பல டிரெய்லர்களில் பக்கவாட்டுக் கதவை உள்ளிருந்து திறக்கவே முடியாது. வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டால் உள்ளே இருப்பவர் அடைபட்டுப்போவார். சாய்வுக் கதவும் அப்படித்தான். பக்கவாட்டுக் கதவின் பூட்டை உள்ளிருந்து திறக்கும் வகைக்கு மாற்றி, வெளித்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். அதற்கு எதிர்ச்சுவரில், ஓர் ஆள் நுழைந்து வெளியேறும் அளவுக்கு, முழுதாகத் திறக்கும் சன்னல் ஒன்றும் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கட்டிலிலிருந்து அந்தச் சன்னலுக்குச் சென்று திறந்து பாருங்கள்.

ஒயரும் வெப்பக் காப்பும்

துளைகள் முடிந்ததும் ஒயர்களை இழுத்து, உலோகச் சட்டங்களைக் கடக்கும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம் போட்டு, சுவரை மூடும் முன் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். எங்கே ஸ்க்ரூ போடலாம், எங்கே போடக் கூடாது என்பதை அந்தப் படங்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் சொல்லும்.

இருவர் ஓர் இரவு உறங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டருக்கும் மேற்பட்ட ஈரம் காற்றில் கலக்கிறது. குளிர்ந்த உலோகத்தைத் தொட்டதும் அது நீராக மாறும். சட்டங்களுக்கு இடையில் மட்டும் ஃபோம் பலகை வைத்துவிட்டு, பிளைவுட்டை நேராக உலோகச் சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு இறுக்கிய டிரெய்லரில் ஒரு குளிர்காலக் காலையில் கூரையைப் பார்த்திருக்கிறேன். பலகை காய்ந்திருந்தது, ஆனால் வரிசையாக ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் ஒரு துளி நீர் தொங்கிக்கொண்டிருந்தது. வெளித்தகட்டின் குளிர் சட்டத்தின் வழியாக ஸ்க்ரூவுக்கு வந்து, அங்கே ஈரத்தைச் சேர்த்துவிட்டது. சட்டங்களின்மேல் கால் அங்குல ஃபோம் பட்டை ஒட்டி, அதன்மேல் பலகையை வைத்து, ஸ்க்ரூ தலைகளைப் பட்டைகளால் மூடினால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும்.

ஃபோம் பலகைகளில் எக்ஸ்பிஎஸ் எனப்படும் அழுத்தமான பாலிஸ்டைரீன் வகையை நான் விரும்புகிறேன். பாலிஐசோ என்னும் மற்றொரு வகை அதே தடிமனில் சற்றுக் கூடுதலான காப்புத் தந்தாலும், எக்ஸ்பிஎஸ் நீரைப் பெரிதாக உறிஞ்சுவதில்லை, விளிம்பு முறியாமல் வெட்டவும் எளிது. கண்ணாடி இழைப் பஞ்சை இங்கே தவிர்த்துவிடுங்கள். ஓட்டத்தின் அதிர்வில் அது கீழே சரியும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பலகையைச் சட்டத்தின் இடைவெளிக்குச் சற்றுக் குறைவாக வெட்டி வைத்து, சுற்றிலும் குறைவாக உப்பும் ஃபோம் ஸ்ப்ரே அடித்து மூடுங்கள். அதிகம் உப்பும் வகை மெல்லிய வெளித்தகட்டையே வெளியே தள்ளிப் புடைக்க வைத்துவிடும். ஃபோம் எதையும் திறந்தபடி விட வேண்டாம். தீப்பற்றினால் அதன் புகை கொடியது, பிளைவுட் கொண்டு முழுவதும் மூடுங்கள்.

தரையும் கட்டும் வளையங்களும்

தரைப் பிளைவுட்டில் சிந்திய பெட்ரோலின் மணம் மாதக்கணக்கில் போகாது. அதனால் தரையின் எல்லா ஓரங்களையும் சீலன்டால் அடைத்து, எண்ணெய் தாங்கும் பாலியூரித்தேன் பூச்சை இரண்டு மூன்று கை அடித்து, கடைசிக் கைக்கு முன் சொரசொரப்புத் துகள் தூவுங்கள். சாதாரண ரப்பர் விரிப்பு பெட்ரோல் பட்டால் ஊதி உப்பிவிடும்.

ஏடிவியைக் கட்டிவைக்கும் டி-வளையங்களைப் பிளைவுட்டில் மட்டும் ஸ்க்ரூ போட்டு மாட்டுவது பெருந்தவறு. வளையத்தின் போல்ட் தரையைத் துளைத்து, கீழே குறுக்குச் சட்டத்தையே பிடிக்க வேண்டும். அது இயலாத இடத்தில் இரண்டு சட்டங்களுக்குக் குறுக்கே படியும் எஃகுப் பட்டையை அடியில் வைத்து, பூட்டு நட் போட்டு இறுக்க வேண்டும். திடீர் பிரேக்கின்போது சரக்கின் எடையில் 80 சதவீத விசை முன்னோக்கித் தள்ளும் என்பதே சரக்குக் கட்டுதலில் கொள்ளப்படும் கணக்கு. பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 50 சதவீதம். 350 கிலோ ஏடிவிக்கு முன்னோக்கி 280 கிலோ விசை. வண்டியைப் பின்னோக்கி இழுத்துப் பிடிக்கும் பின்புற இரண்டு கட்டுப்பட்டைகள் 45 பாகைச் சாய்வில் இருந்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். பட்டையின்மேல் அச்சிட்டிருக்கும் அறுபடும் அளவை நம்பாதீர்கள். அதில் மூன்றில் ஒரு பங்கே வேலைச் சுமை. 500 கிலோ வேலைச் சுமை உள்ள நான்கு ராட்செட் பட்டைகள், நான்கு மூலைகளுக்கு நான்கு, என்று வைத்துக்கொண்டால் நிம்மதி.

படுக்கை, அடுப்படி

நிலையாக நிற்பவை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சுவரோடு கீல் போட்டு மேலே மடியும் கட்டில்தான் இதற்கு ஏற்றது. 7 அடி அகல டிரெய்லரின் உள் அகலம் ஆறரை அடிக்கு மேல் இருப்பதால், பெரும்பாலோர் குறுக்காகவே கால் நீட்டிப் படுக்க முடியும். அப்படிக் குறுக்கே போடும் கட்டில் நீளத்தில் நாலரை அடியை மட்டுமே எடுத்துக்கொள்ளும். இரு பக்கச் சுவர்களில் இரு விசுப்பலகைகள், அவற்றுக்கு நடுவே எடுத்து மாட்டும் பலகைகள் என்ற அமைப்பும் நன்றாக இருக்கும். பகலில் விசுப்பலகைகள் மேலே மடிந்துவிட, நடுவில் ஏடிவி நிற்கும். கட்டிலின் கீல்களையும் தாங்கு சங்கிலிகளையும் செங்குத்துச் சட்டத்தில்தான் பிணைக்க வேண்டும். எங்கே சட்டம் தேவையோ அங்கே, சுவரை மூடும் முன்பே, கூடுதல் மரச்சட்டம் வைத்துக்கொள்ளுங்கள். மடித்த கட்டிலுக்கு ஒன்றுக்கு இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள். ஓட்டத்தில் ஒன்று கழன்றால் கட்டில் ஏடிவி மேல் விழும்.

அடுப்படி மேடை முன்மூக்கில் அமைவது இயல்பு. 12 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். வீட்டு அலமாரிகளுக்கான துகள்பலகை எடையும் கூடுதல், ஈரத்திலும் ஊதிவிடும். 40 லிட்டர் தண்ணீர் என்பது 40 கிலோ என்பதை நினைவில் வைத்துத் தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். கழிவுநீருக்கு எடுத்துச் சென்று ஊற்றக்கூடிய ஒரு கேன் போதும். எளிய கைப்பம்பு ஒரு மின்பம்பைவிட நெடுநாள் உழைக்கும்.

மின்சாரம்

தேவையைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேட்டரி வாங்குங்கள். சிறிய 12 வோல்ட் கம்ப்ரசர் குளிர்பெட்டி நாளொன்றுக்கு 350 முதல் 400 வாட்-மணி, இரவு முழுவதும் ஓடும் கூரை விசிறி 200 வாட்-மணி, எல்இடி விளக்குகளும் கைபேசிகளும் சேர்ந்து 100 வாட்-மணி என்று வைத்தால், மொத்தம் 700 வாட்-மணி. 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 1,280 வாட்-மணி இருக்கும். ஏறக்குறைய இரண்டு நாள் ஓடும். 200 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாள் செலவை ஈடுகட்டிவிடும். இவ்வகைப் பேட்டரியை உறைநிலைக்குக் கீழ் சார்ஜ் செய்தால் அது கெட்டுவிடும் என்பதால், காப்பிட்ட உட்பகுதியில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் முதன்மை ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது ஒயரைத்தான். எனவே அதன் அளவு ஒயருக்கேற்ப அமைய வேண்டும். 12 வோல்ட்டில் ஒயரின் தடிமன் எவ்வளவு முக்கியம் என்பதை இந்தக் கணக்கு காட்டும். 5 மீட்டர் தள்ளியுள்ள ஒரு கருவி 10 ஆம்பியர் இழுக்கிறது. போக வர 10 மீட்டர் ஒயர். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் கிட்டத்தட்ட 0.7 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும், அதாவது 6 சதவீதம். குளிர்பெட்டி மின்னழுத்தம் போதவில்லை என்று நின்றுவிடும். 6 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கும். டிரெய்லர் கழன்றுபோனால் பிரேக்கைப் பிடிக்கச் செய்யும் சிறு பேட்டரியை, விளக்கும் குளிர்பெட்டியும் ஓடும் இந்த மின்சுற்றோடு எக்காரணம் கொண்டும் இணைக்க வேண்டாம்.

ஏற்றுதலும் எடை போடுதலும்

டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு இணைத்த பிறகே ஏடிவியை ஏற்ற வேண்டும். தனியே நிற்கும் டிரெய்லரின் சாய்வுக் கதவில் 350 கிலோ ஏறினால் மூக்கு சட்டென்று மேலே தூக்கிக்கொள்ளும். பின்மூலைகள் இரண்டிலும் தாங்கு ஜாக்குகளை இறக்கிவிடுவது இன்னும் நல்லது. எஞ்சின் ஆறிய பிறகு, தாழ்ந்த கியரில், மெதுவாக ஏற்றி, பெட்ரோல் வால்வை மூடி, கை பிரேக்கைப் போட்டு, சஸ்பென்ஷன் சற்று அமுங்கும் அளவுக்குப் பட்டைகளை இறுக்குங்கள்.

வேலை முடிந்ததும் தண்ணீர் நிரப்பி, ஏடிவியும் சாமான்களும் ஏற்றி, எடைமேடைக்குக் கொண்டு செல்லுங்கள். மொத்த எடை, இணைத்த நிலையில் ஆக்ஸில்களின் எடை, மூக்குச் சுமை மூன்றையும் குறித்து, தகட்டில் உள்ள வரம்புகளோடு ஒப்பிடுங்கள். ஏடிவி இல்லாமல் மறுபடி ஒருமுறை எடை போடுங்கள். விகிதம் தவறினால் சாமான்களை இடம் மாற்றியே பெரும்பாலும் சரிசெய்துவிட முடியும். அதனால்தான் அலமாரிகளைக் கழற்றி மாட்டும்படி போல்ட் போட்டு அமைப்பது நல்லது.

முதல் இரவை வீட்டு வாசலிலேயே கழியுங்கள். எந்த விளக்கு கண்ணில் குத்துகிறது, எந்தக் கீல் கீச்சிடுகிறது, எச்சரிக்கைக் கருவிகள் ஒலிக்கின்றனவா என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். முதல் பயணத்தில் 15, 40, 80 கிலோமீட்டர்களில் நிறுத்தி, சக்கர நட்களை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். அப்போதே சக்கர மையத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாத அளவு சுட்டால், அங்கே பேரிங்கையோ பிரேக்கையோ பார்க்காமல் மேலே ஓட்ட வேண்டாம்.